மாமா கடைசியாகச் சொன்னது

அஸ்தம்பட்டி
12.8.1984

சௌந்திரம்,

சங்ககிரியில் உன் அண்ணன் வீட்டு வாசலில் நின்று, "அப்பா கடைசியா என்னங்க சொன்னாரு?" என்று கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். காரியம் முடிந்தும் நீ அங்கேயே தங்கிவிட்டாய். உன்னைத் திரும்பக் கூப்பிட இதை எழுதவில்லை.

நம் முதியோர் இல்லத்தில் இன்னும் நான்கு கட்டில் போட்டாயிற்று. காலை யோகா வகுப்பை மட்டும் நிறுத்திவிட்டேன்.

அன்றைக்கு வகுப்பின் முடிவில் எல்லோரையும் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்தச் சொன்னேன். மற்றவர்கள் இருமிக்கொண்டும் புரண்டுகொண்டும் இருக்க, உன் அப்பா மட்டும் அசையவே இல்லை. "எங்க மாமாவைப் பாருங்க, இப்படித்தான் படுக்கோணும்" என்று பெருமையாகக் காட்டினேன். பக்கத்துப் பாயில் இருந்த பொன்னாயி அம்மா, "ஏனுங்க, அவரு வாய் ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றார். பேசாமல் மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். கால் மணி நேரம் அவரை அப்படியே விட்டுவைத்தேன்.

படுக்கும் முன் மாமா என் கையைப் பிடித்து, "நெஞ்சு பாரமா இருக்குதுங்க மாப்ள, டாக்டர்கிட்டப் போலாமுங்களா?" என்று கேட்டார்.

"படுத்தாச் செரியாப் போயிருமுங்க மாமா" என்றேன்.

என் பேச்சை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. படுத்துக்கொண்டார்.

உன் வீட்டுக்காரன்