எல்லாப் படத்திலும் அதே கம்பி

என் வாயாடிக்கு,

நான் நலம். அம்மாவின் இருமல் நின்றதா? பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

நான் அனுப்பும் படங்களை நீ வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் பெரிதாக்கிப் பார்க்கிறாயாமே. "என்னங்க, நிலா, பனி, எதை எடுத்தாலும் இடது ஓரத்துல அதே கம்பி விழுதே, ஒரு எட்டு வெளிய போய் எடுக்கக் கூடாதா?" என்று நேற்றும் கேட்டாய். உன் கண்ணுக்குத் தப்புமா! அது என் அறை ஜன்னல் கம்பி. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

போன மாதம் கிடங்கு வாசலில் பனியில் வழுக்கி, சரக்கு வண்டிச் சக்கரத்துக்கு அடியில் காலை விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் நன்றாகவே கவனித்தார்கள். "புண்ணு ஆறட்டும், கூப்பிடுறோம்" என்றார் சூப்பர்வைசர். இப்போது நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

நேற்றிரவு எதிரே வாணவேடிக்கை. விளக்கை அணைத்து, போனை டம்ளரில் சாய்த்துவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வெடித்த நேரம் பார்த்து மூச்சு விட்டுத் தொலைத்தேன். கண்ணாடி முழுக்க ஆவி. படத்தில் வெளிச்சக் கறைதான் இருக்கிறது, கம்பி மட்டும் பளிச்சென்று.

அம்மாவிடம் படங்களை மட்டும் காட்டு. கீழ்வீட்டுக்காரர் தபால் பெட்டிப் பக்கம் கிளம்பிவிட்டார், இதை அவரிடம் கொடுக்க வேண்டும்.

கம்பளிக் காலுறை கேட்டிருந்தேனே, கடையில் ஜோடியாகத்தான் தருவார்கள். ஒன்றை அனுப்பு. இனிமேல் எனக்கு ஒன்று போதும். மற்றதில் ஸ்டுடியோ லென்ஸைப் போட்டுவை.

உன் வீட்டுக்காரன்