பூச்சி தொட்டுடுச்சி

என் ஆசை அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் பேத்தியைத் திருத்தணிக்கு அழைத்துப் போயிருந்தேன். சாமி கும்பிட்டு மலையிறங்கியதும், புதிதாகத் திறந்திருக்கும் இயற்கை மையத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தாள். நம் பக்கத்துக் காட்டு உயிர்களை மட்டும் வைத்திருக்கிறார்கள். உடும்பு, நட்சத்திர ஆமை, பட்டப்பகலில் தூங்கும் ஆந்தை. டிக்கெட் வாங்கியா இதைப் பார்ப்பார்கள் என்று நீ சிரித்திருப்பாய்.

கடைசி அறையில் கண்ணாடி விரியன். காய்ந்த கடலைக்கொடிக்குள் படுத்திருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. உன்னைக் கடித்தது இதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நகரப் பார்த்தேன்.

பக்கத்தில் நகரியிலிருந்து வந்த ஒரு குடும்பம். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற பையனை அந்தம்மா பின்னால் இழுத்து, "புருகு ரா, இட்ரா" என்றாள்.

"புருகுன்னா என்னப்பா?" என்றாள் உன் பேத்தி.

"தெலுங்குல பூச்சி."

"பாம்பைப் போய் ஏன் பூச்சிங்கறாங்க?"

அந்தம்மாவே திரும்பிச் சொன்னாள்: "பேர் சொன்னா வந்துடும்னு பயம்மா. உங்க ஊர்லயும் பூச்சின்னுதான சொல்வாங்க?"

ஆங் அம்மா, நம் ஊரிலும் அப்படித்தான். சின்ன வயதில் நானே சொன்னவன். அரக்கோணத்தில் கடை வைத்து உட்கார்ந்த பிறகு மறந்துபோனேன்.

அன்றைக்குக் கடையில் கூட்டம். கடலைக் கொல்லையிலிருந்து போன் போட்டு, "பூச்சி தொட்டுடுச்சிப்பா, கால் வீங்கிகினு வருது" என்றாய். கடித்துவிட்டது என்றுகூட நீ சொல்லவில்லை, தொட்டுடுச்சி என்றாய். எறும்புக்கும் குளவிக்கும் யாராவது அப்படிச் சொல்வார்களா? எனக்கு ஏன் உறைக்கவில்லை?

"சுண்ணாம்பு தடவிகினு படும்மா, சாயந்தரம் வரேன்" என்றேன்.

"ஆங், சரிப்பா" என்றாய். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா? மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாயா? நைனா வந்து பார்த்தபோது உன் கணுக்காலில் சுண்ணாம்பு காய்ந்திருந்ததாம்.

அதோடு விடவில்லை நான். காரியத்துக்கு வந்த அத்தனை பேரிடமும், "பாம்புன்னு அம்மா ஒரு வார்த்த சொல்லல" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். நைனா இன்றும் உன் படத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறார்: "வாயத் தொறந்து சொல்லியிருந்தா பொழச்சிருப்பா, பிடிவாதக்காரி." பக்கத்தில் நின்று நானும் தலையாட்டியிருக்கிறேன்.

நாளைக்குப் பள்ளிப்பட்டு பஸ் ஏறுகிறேன். நைனா எதிரில் உட்கார்ந்து சொல்லிவிடுவேன். நீ சொன்னாய், நம் ஊர்ப் பேச்சில் தெளிவாகவே சொன்னாய், நான்தான் சுண்ணாம்பு தடவச் சொன்னேன் என்று. அப்புறம் அவர் என்னை வாசலில் சேர்க்காவிட்டாலும் சரி. இனி உன்னை அவர் திட்டக் கூடாது.

நீ நம்பிப் போன் போட்ட
உன் பிள்ளை