வேறு தலைப்பு

தில்லி,
9-10-1963

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு இசபெல் எழுதுவது. உங்களுக்கும் பாப்பாவுக்கும் காய்ச்சல் முழுதும் விட்டதா? நான் சுகமாக இருக்கிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை நடந்தது. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டுப் புதிதாக வந்த சஞ்சிகை ஒன்றை நீட்டினார். நம் சாத்தூர்ப் பக்கம் மிளகாய்ப் பழம் செடியிலேயே அழுகுவது ஏன் என்று இரண்டு வருஷமாக நான் தேடிய பதிலை, யாரோ ஒருவர் பதினோரு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டார். என்னைவிட நன்றாகவே செய்திருக்கிறார்.

"இனி இந்த ஆராய்ச்சிக்குப் பட்டம் தர மாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேறு தலைப்பு எழுதிக் கொடு" என்றார் பேராசிரியர். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் ஏனோ எழுந்து நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

வேறு தலைப்பு என்றால் இன்னும் மூன்று வருஷம் ஆகும். ஊருக்கு வந்தால் பட்டமும் இல்லை, விட்டுவந்த பள்ளிக்கூட வேலையும் இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து கோதுமை, கடுகு, பருத்தி என்று எழுதி எழுதி அடித்தேன். எதிலும் மனம் நிற்கவில்லை.

"அம்மா எப்ப வருவாக?" என்று பாப்பா கேட்கும்போதெல்லாம், "கிறிஸ்மஸுக்கு வந்துருவாக" என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இனி அப்படிச் சொல்ல வேண்டாம்.

அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். செருப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் அளவு கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள்
இசபெல்