யூட்டுக்கு எதிராக நான் சொன்ன சாட்சி

2025 ஜூலை 8, செவ்வாய்
இப்படி நடக்கும் என்று ஆறு மாதத்துக்கு முன்னமே சொன்னவன் நான். யார் கேட்டது? இன்று விடிய, இஸ்ஹாக்கின் நண்டு வலை களப்புக் கரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. வெட்டியவன் யூட். எங்கள் கரையில் தோணியைக் கட்டிவைத்து மீன்பிடிக்கும் ஒரே கத்தோலிக்கன். விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு வரும்போது அவனுடைய சிவப்புத் தொப்பியை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். தேத்தண்ணிக் கடையில் சொன்னதும் எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். இரண்டாம் தரம் சொல்லும்போதுதான் கத்தியும் ஞாபகம் வந்தது.

ஜூலை 10
பத்தொன்பதாம் திகதி மீனவர் சங்கம் கூடுகிறது. யூட்டின் தோணியை இந்தக் கரையிலிருந்து எடுக்கச் சொல்லப் போகிறார்கள். என்னிடம் விபரம் கேட்டு இருபது பேர் வந்தார்கள். இருநூறு என்றே வைத்துக்கொள்வோம்.

ஜூலை 12, சனி
என் மூத்த சகோதரரின் மகள் நஸ்ஹா நூலகத்தில் மனித உரிமை வகுப்பு நடத்துகிறாள். தூ! எட்டாம் வகுப்பு வரை படித்த எனக்குத் தெரியாத உரிமையா? வகுப்பு முடிந்த கையோடு இங்கே வந்துவிட்டாள்.
"சாச்சா, யூட்டையும் கூப்பிட்டுக் கேக்கணும். ஒருத்தன்ட கதையக் கேக்காம அவனக் குத்தவாளி ஆக்க ஏலாது."
"நான் கண்டேன் எண்டு செல்றன், போதாதா?"
"அப்ப அவர்ட முகத்துக்கு நேரே செல்லுங்க."
சொந்த இரத்தம் என்னையே விசாரிக்கிறது. அருவருப்பு!

ஜூலை 14
யூட்டின் மனைவி சுஜாந்திக்குக் காலைச் சாப்பாட்டுக்குக் கடையில் பாண் இல்லை என்றார்கள். கண்ணாடி அலுமாரி நிறையப் பாண். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஜூலை 17
யூட்டின் யன்னலுக்குக் கல்லெறிந்திருக்கிறார்கள். எறிந்தவர்களில் ஒருவன் என்னைத் தேடி வந்து பல்லைக் காட்டுகிறான்: "மாமா, நீங்க செல்லித்தானே!" சீ! நானா எறியச் சொன்னேன்?

ஜூலை 19, சனி
நஸ்ஹா நான்கு நாளாகச் சங்கத் தலைவரின் வீட்டுக்கு நடந்து காரியத்தைச் சாதித்துவிட்டாள். யூட்டை எனக்கு எதிரே கதிரை போட்டு இருத்தினார்கள். அவன் சத்தம் போடுவான் என்று நினைத்தேன்.
"நானா," என்றான், சொந்த அண்ணனைக் கூப்பிடுவது போல. "நீங்க கண்டது என்னையா? வடிவா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் போறன்."
கத்தியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். இஸ்ஹாக்கே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"இருட்டு," என்றேன். "ஆளச் சரியாத் தெரியல்ல."
பின்னால் யாரோ, "அப்ப கத்தி மட்டும் தெரிஞ்சதோ?" என்றான். சபை சிரித்தது. யூட் சிரிக்கவில்லை. தோணி இங்கேயே நிற்கட்டும் என்று தலைவர் எழுதிக் கையெழுத்து வைத்தார். வலையை வெட்டியது யார் என்பது இன்னும் தெரியாது.
வெளியே வரும்போது நஸ்ஹா, "அல்ஹம்துலில்லாஹ், உண்மையச் செல்லிட்டீங்க சாச்சா," என்றாள். அதுதான் தாங்க முடியவில்லை.
இருட்டு என்றதும் பொய். அன்றைக்கு நான் சுபஹுக்கு எழும்பவே இல்லை.