மிளகாய் அறைக்குப் போன இயந்திரக் கை

அத்தாச்சி,

இன்று காலை பள்ளத்தூர் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் எனக்கு அடுக்குத் தும்மல் வந்தது. தலைக்குக் குளித்து, பூ வைத்து, பவுடர் பூசி வந்திருந்தாள். அத்தனையையும் மீறி அவள் சேலையிலிருந்து மிளகாய் நெடி அடித்தது.

"எந்தக் கம்பெனி?" என்றேன். ஏதோ ஒரு மசாலா கம்பெனியைச் சொன்னாள்.

"மூட்டை கொட்டுற வேலையா?"

"ஆமாக்கா. எப்படிக் கண்டுபிடிச்சீக?"

ஏழு வருஷம் பேருந்தில் உங்கள் பக்கத்தில், அதே நெடியில் உட்கார்ந்து வேலைக்குப் போய்வந்தவள் நான். எனக்கா தெரியாது? அவள் இறங்கிப் போன பிறகும் மூக்கில் அது நின்றது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. அழுவதற்காக இல்லை. நீங்கள் போய் இரண்டு வருஷமாகியும் இன்னொருத்தி அதே மாதிரி ஓர் அறையில் இருமிக்கொண்டிருக்கிறாள் என்ற கோபம். அதை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

நம் இருவருக்கும் மானகிரிதான் ஊர். ஊர் முறைக்கு நீங்கள் எனக்கு அத்தாச்சி. நம் மசாலா கம்பெனியில் வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டதும் நீங்கள்தான். நான் பெட்டி ஒட்டி அடுக்கும் பகுதியில் இருந்தேன். நீங்களும் இன்னும் மூன்று பேரும் மிளகாய் அறையில். மூட்டையைத் தூக்கி, பிரித்து, அரவை இயந்திரத்தின் வாயில் கவிழ்க்க வேண்டும். ஈரத் துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது அந்தத் துண்டு செங்கல் நிறத்தில் இருக்கும். உங்கள் இருமல் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் அதற்குப் பழகிப்போயிருந்தோம். இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு அந்த இயந்திரக் கை வந்து இறங்கியது. ஆள் உயரத்துக்கு மேல், மஞ்சள் நிறத்தில். பெட்டிகளை எடுத்து அடுக்கும் வேலைக்கு என்றார்கள். பெட்டிப் பகுதியில் ஆறு பேர் அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. உங்கள் பெயர் அதில் இல்லை. நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாம்.

இயந்திரத்துக்குப் பூஜை போட்ட நாள் நினைவிருக்கிறதா? அதன் மணிக்கட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்தி மாலை சுற்றியிருந்தார்கள். முதலாளி கற்பூரம் காட்டி முடித்தார். எல்லார் கையிலும் சர்க்கரைப் பொங்கல். நாங்கள் ஆறு பேரும் அதைத் தின்னவில்லை. அப்போதுதான் நீங்கள் மிளகாய் அறையிலிருந்து, முகத்துத் துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்தீர்கள்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"இந்தக் கை இருமுமா?"

அவர் சிரித்துவிட்டார். "மிஷின் எப்படிம்மா இருமும்?"

"அதுக்குக் கண்ணு எரியுமா?"

"எரியாது."

"அப்பறம் எதுக்கு இதை இங்குட்டு நட்டு வச்சிருக்கீக? உக்காந்து பெட்டி ஒட்டுறவளுக்கு என்ன கேடு வந்துச்சு? இதை அங்குட்டு மிளகாய் ரூமுக்குக் கொண்டுபோங்க. நாங்க நாலு பேரும் இங்குட்டு வாறோம்."

சிரிப்பு நின்றது. "மிஷினை வாங்குனது நான். அதை எங்க வைக்கணும்னு நீ சொல்றியா?"

"வாங்குனது நீங்க. இருமுறது நாங்க."

வந்திருந்த விருந்தாளிகள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. நாளையிலிருந்து நீ வரவேண்டாம் என்றார். நீங்கள் துண்டை அவிழ்த்து உதறினீர்கள். எதிரில் நின்றவர்கள் எல்லாரும் தும்மினார்கள். அப்படியே வெளியே போனீர்கள்.

மறுநாளும் வழக்கமான பேருந்திலேயே வந்தீர்கள். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். இதுவரை உங்களிடம் ஒப்புக்கொள்ளாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அன்று நான் உங்களைக் கடந்து போனேன். எனக்கு அந்த மாதச் சம்பளம் பெரிதாகத் தெரிந்தது. வாசலுக்குள் ஒரு காலை வைத்தும்விட்டேன். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, முறைக்கவும் இல்லை. அந்த நேரம் பார்த்து உங்களுக்கு இருமல் வந்தது. குனிந்து, தரையில் கையூன்றி இருமினீர்கள். சுவர் இல்லாமல் அந்தச் சத்தத்தை அவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதே இல்லை. வைத்த காலை எடுத்துவிட்டேன்.

உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, "சாப்பாடு கொண்டாந்திருக்கியா?" என்று மட்டும் கேட்டீர்கள். அரை மணியில் மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

மூன்று நாள் உட்கார்ந்தோம். இயந்திரத்தைப் பொருத்த வந்திருந்த கோயம்புத்தூர்ப் பொண்ணு, அந்த இன்ஜினியர், இரண்டாம் நாள் வெளியே வந்து நம்மோடு தரையில் உட்கார்ந்தது. என்ன நடக்கிறது என்று கேட்டது. நீங்கள் எதையும் விளக்கவில்லை. "உள்ள போயி அந்த ரூம்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு வா, தாயி" என்றீர்கள். மறுநாள் காலையில் அது போய் நின்றது. நாம் யாரும் இல்லாததால் முதலாளியின் டிரைவரும் காவலாளியும்தான் அன்று மூட்டை கொட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வழிய அது வெளியே வந்து, நேராக முதலாளி அறைக்குப் போனது. உள்ளே என்ன பேசியது என்று நமக்குத் தெரியாது. அந்தக் கை மூட்டை கொட்டி, அரவை நிற்காமல் ஓடினால் பெட்டியும் கூடும், ஒட்டுவதற்கு ஆளும் வேண்டியிருக்கும் என்று சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டோம்.

சாயங்காலம் முதலாளி வாசலுக்கு வந்தார். "உள்ள வாங்க. மாத்திப் பாப்போம். சரியா வரலைன்னா அதுக்கு மேல பேச்சு கெடையாது" என்றார்.

சரியாக வரவில்லைதான். இயந்திரக் கையின் பிடி பெட்டிக்காகச் செய்தது. மூட்டையை எடுத்தால் நடுவில் தொய்ந்து நழுவியது. முதல் நாள் இரண்டு மூட்டை கிழிந்து அறையெங்கும் மிளகாய். "இந்தப் பிடி மூட்டைக்கு ஆகாதுங்க்கா" என்று அந்தப் பொண்ணு தலையில் கைவைத்து உட்கார்ந்தது.

நீங்கள் அதை எழுப்பி, ஒரு மூட்டையின் முன்னால் நிறுத்தினீர்கள். தைத்த மூட்டையின் இரண்டு மூலையிலும் துருத்திக்கொண்டிருக்கும் காதுகளைக் காட்டினீர்கள். "வயித்தைப் பிடிச்சா நழுவத்தான் செய்யும். காதைப் பிடி. ஒரு காதை மொதல்ல தூக்கு, மத்ததைப் பின்ன தூக்கு. அப்பச் சரக்கு ஒரு பக்கமா வந்துரும்." மெதுவாக, திரும்பத் திரும்பத் தூக்கிக் காட்டினீர்கள். அந்தப் பொண்ணு உங்கள் கைகளைச் செல்போனில் படம் பிடித்தது. இரண்டு வாரத்தில் புதிய பிடி வந்தது. இன்றைக்கும் அந்த இயந்திரம் ஒரு காதைத் தூக்கிய பிறகுதான் மற்றதைத் தூக்குகிறது.

அதோடு விட்டீர்களா? நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் உங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. "இது யாரு கைக்கு வச்சது?" என்று இறக்கிவைக்கச் சொன்னீர்கள். இயந்திரத்தை இயக்கும் திரையில் எல்லாம் இங்கிலீஷ். "எனக்குத் தெரியாத பாசையில எழுதிவச்சுட்டு, அவசரத்துக்கு நிப்பாட்டுன்னா எப்படி நிப்பாட்டுறது?" அந்தப் பொண்ணு ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தமிழில் மாற்றியது. அந்தத் திரையை இயக்கப் பழகச் சொல்லி என்னைத் தள்ளிவிட்டீர்கள். நான் பத்தாவது ஃபெயில் என்று பின்வாங்கினேன். "மிஷினு உங்கிட்ட சர்டிபிகேட்டா கேக்குது?" என்றீர்கள். பெட்டி வேலைக்கு நடுவே பழகிக்கொண்டேன்.

கண்ணாடி போட்டு அடைத்த மிளகாய் அறைக்குள் அந்தக் கை முதல் மூட்டையைக் கவிழ்த்தபோது நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். நீங்கள் தட்டவில்லை. என்னவென்று கேட்டேன்.

"நேத்து வரைக்கும் இதை நாந்தானே செஞ்சேன்? முடியாதுன்னே இத்தனை வருசம் சொன்னாகளே, மூணு வாரத்துல முடிஞ்சிருச்சே. எனக்குக் கோவந்தான் வருது."

அதற்குப் பிறகு நீங்கள் பெட்டிப் பகுதியில் என் பக்கத்தில் இருந்தது ஒரு வருஷம்கூட இல்லை. நெடியை விட்டு விலகினால் இருமல் போய்விடும் என்று நினைத்தோம். நுரையீரல் அப்படி நினைக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, என்ன வேலை என்றுதான். நீங்கள் படுக்கையிலிருந்தபடி, "சீட்டுல அதை எழுதுங்கய்யா" என்றீர்கள். அவர் எழுதினார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

கடைசியாக உங்களைப் பார்க்க வந்தபோது, கம்பெனியில் உங்கள் படத்தை அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறார்கள் என்று சொன்னேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னீர்கள்: "படத்தை மாட்ட வேணாம்னு சொல்லு. மல்லி அரைக்கிற ரூம்ல காத்து இழுக்கிற ஃபேனு இல்ல. அதை மாட்டச் சொல்லு."

ஃபேன் மாட்டினார்கள், அத்தாச்சி. படம் மாட்டவில்லை. நான் மாட்டவிடவில்லை.

இப்போது முதலாளியின் மகன்தான் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் எங்கள் எல்லாரையும் கூட்டி, கைக்கடிகாரம் போல ஒரு பட்டையைக் கொடுத்தார். கையில் கட்டிக்கொண்டால் எத்தனை தடவை கை அசைகிறது, எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று அவருடைய கம்ப்யூட்டருக்குப் போகுமாம். கை ஓய்ந்தால் பட்டை அதிருமாம். "உங்க நல்லதுக்குத்தான்" என்றார்.

எல்லாரும் உங்கள் இடத்தைப் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றியது. அந்த இடத்தில் இருந்தது நான். எழுந்தேன்.

"எங்க கை ஓஞ்சுதான்னு எண்ணுற மிஷினு வேணாங்க. காத்துல எம்புட்டுத் தூசி இருக்குன்னு எண்ணுற மிஷினு இருக்காமே, அதைக் கொண்டாங்க. தூசி கூடுனா அதிரட்டும். எங்க கையில இல்ல, உங்க ரூம்ல."

"நீங்க இப்படியெல்லாம் பேச மாட்டீகளே" என்றார் அவர்.

"பேச வேண்டியவுக போயிட்டாக. அதான் நான் பேசுறேன்."

யாரும் பட்டையைக் கட்டவில்லை. அடுத்த வாரம் அவர் திரும்பவும் கேட்டார். அப்போதும் கட்டவில்லை. தூசி அளக்கும் கருவி ஒன்றே ஒன்று வந்திருக்கிறது. மல்லி அறையில் மாட்டியிருக்கிறார்கள். அரவை நடக்கும் நான்கு அறைக்கும் வேண்டும் என்று எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. பதில் வரும்வரை நானும் வாயை மூடுவதாக இல்லை.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அது ஆறிவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். எந்தப் புது இயந்திரம் வந்து இறங்கினாலும், இது யாருடைய உடம்பைக் காப்பாற்ற வந்திருக்கிறது என்று கேட்காமல் நான் வழிவிடுவதில்லை.

வருகிற திங்கட்கிழமை நம் ஊருக்கு, வயலில் மருந்தடிக்கும் டிரோனைக் காட்ட வருகிறார்கள். விவசாயிகள் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது பறப்பதற்கு முன்னால் அந்த விஷத்தைக் கரைத்து, அதன் வயிற்றில் ஊற்றப்போவது யாருடைய கை என்பதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். முன்வரிசையில் போய் உட்காரப் போகிறேன்.