வெங்கசப்புக் காட்டில் மழுவைத் தடுத்த கோள்சொல்லி

நலம் பெருகுக. மழை பொய்யாத தென்முகில் நாட்டின் ஆறுகளுக்கும் கரைகளுக்கும் உரியவரும், குடிகளின் காய்ச்சலைத் தம் மேனியின் காய்ச்சலாக எண்ணுபவருமான கோப்பெருந்தேவி வானவல்லி நாச்சியாரின் திருவுள்ளப்படி, பேரமைச்சர் நல்லிறையனார், வெங்கசப்பு மலையடியில் பாசறை இறங்கியிருக்கும் மழுப்படைத் தண்டநாயகர் கோளரியாருக்கு எழுதுவித்த ஓலை. உம் கொடி ஓங்குக. உம் வீரர் உண்ட சோறு உடம்பில் ஒட்டுக. உம் மழுக்கள் யாவும் இக்கணமே தரையில் வைக்கப்படுக. மற்றவற்றைப் பிறகு படிக்கலாம், முதலில் அதைச் செய்க.

செய்தாயிற்றா? நல்லது. இனி நிதானமாகப் படிக்கலாம். நிதானம் நமக்குத்தான் இல்லை. நாம் சொல்லும் வேகத்துக்கு எழுத்தாணி ஓடவில்லை என்று ஓலை எழுதுபவர் முகத்தைச் சுளிக்கிறார். சுளிக்கட்டும். இப்படியொரு செய்தியைச் சொல்லும் பேறு எத்தனை அமைச்சர்களுக்கு வாய்க்கும்?

நீர் மலையடிக்கு அனுப்பப்பட்ட காரணம் நீர் அறிந்ததே. நடுக்குக் காய்ச்சல் ஊர் ஊராகப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போகிறது. அதைத் தணிக்கும் மருந்து வெங்கசப்பு மரத்தின் பட்டையில் மட்டுமே ஊறுகிறது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் மருந்து வேண்டுமானால் காடு முழுவதும் சாய வேண்டும் என்றானபோது, அரசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, காட்டை வெட்டுக என்று ஆணையிட்டார். நொதிக்கூடத்துத் தலைவி காரிநங்கை அந்த மலையில் பிறந்தவள் என்பதை மட்டும் நீர் அறிந்திருக்க மாட்டீர். பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியை ஒரு வெங்கசப்பின் அடியில் புதைத்து, அம்மரத்தைப் பிள்ளையின் உடன்பிறப்பென்று பெயரிட்டு அழைப்பது அம்மலையார் வழக்கம். காரிநங்கைக்கும் அங்கே ஓர் அண்ணன் நிற்கிறான். அவனுக்காகவும், அவனைப் போல் நிற்கும் ஆயிரமாயிரம் பேருக்காகவும், அவள் அரசியாரின் காலைப் பிடித்து, வளர்பிறை வரை தவணை கேட்டாள், பெற்றாள்.

அவள் வாதம் இது. மரம் தன் உடம்புக்குள் மருந்து சமைப்பது நொதி என்னும் வேலைக்காரனைக் கொண்டு. அந்த வேலைக்காரனை எப்படிச் செய்வது என்பது மரத்தின் மரபணுவில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்தைப் படியெடுத்து, கள்ளைப் பொங்க வைக்கும் நுண்ணுயிருக்குள் செருகிவிட்டால், வரப்போரத்தில் நாதியற்றுக் கிடக்கும் சாறுகொடியின் சாற்றைக் குடித்து, அது பானைக்குள்ளேயே மருந்து சமைத்துத் தரும். மரத்தின் மேல் கை வைக்க வேண்டியதில்லை.

சமைத்ததா என்றால், சமைத்தது. ஒரு பானைக்கு ஒரு துளி! மரத்தில் ஓடியாடி உழைத்த நொதி, நுண்ணுயிருக்குள் வந்ததும் வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டது. ஆகவே அவள் அந்த எழுத்தில் இங்கொன்று அங்கொன்றாக மாற்றி, ஒன்றைப் போல் ஒன்றில்லாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்களைப் படைத்தாள். எது உழைக்கிறது, எது உறங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் காய்ச்சிப் பார்த்தால் நம் கொள்ளுப்பேரன் காலத்தில்தான் முடியும். அதற்கும் வழி கண்டாள். மருந்து உண்டானால் அதைப் பற்றிக்கொண்டு, ஊதா விளக்கின் முன் பச்சையாய் ஒளிரும் ஒரு புரதத்தையும் அதே நுண்ணுயிரின் மரபணுவில் எழுதிவைத்தாள். உள்ளே மருந்து மிகுந்தால் ஒளியும் மிகும். வீட்டுக்குள் நடப்பதை வீதிக்குச் சொல்வதால் கூடத்தார் அதற்குக் கோள்சொல்லி என்று பெயரிட்டனர். கோள்சொல்லியால் ஊர் கெட்டது கண்டிருக்கிறோம். நாடு பிழைக்கும் என்று யார் கண்டார்?

முதல் முறை, கடற்பாசிக் கூழ் பரப்பிய தட்டுகளில் நுண்ணுயிர்கள் புள்ளி புள்ளியாக வளர்ந்து நிற்க, அவற்றுள் ஒரு புள்ளி விண்மீனாய் எரிந்தது. பேரிகை முழங்கிற்று. அதைப் பெருக்கிக் காய்ச்சினார்கள். மருந்து? மருந்துக்குக்கூட இல்லை! பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது. கருவூலத் தலைவர் சபையில் எழுந்து, மலைமகள் மின்மினி வளர்க்கிறாள் என்று சொல்லிச் சிரித்தார். காரிநங்கை தலைகுனிந்து நின்றாள், ஆனால் அழவில்லை. அன்றுதான் உமது படை புறப்பட்டது.

கூடத்துக்குத் திரும்பிய அவளுக்கு உண்மை உறைத்தது. எழுத்தை மாற்றும்போது சிலவற்றில் நொதியோடு கோள்சொல்லியும் மாறிப்போய், மருந்தே இல்லாமல் ஒளிரக் கற்றுக்கொண்டிருக்கிறது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியதே பிழை. ஆகவே முதலில் சாறுகொடிச் சாறு ஒரு சொட்டும் கொடாமல் எல்லாவற்றையும் வளர்ப்பது. சாறின்றி மருந்து உண்டாகாது. அப்போதும் ஒளிர்வது எதுவோ அதுவே பொய்யன். பொய்யரை நீக்கியபின், எஞ்சியவற்றுக்குச் சாறு கொடுத்து, எது ஒளிர்கிறதென்று பார்ப்பது. எவ்வளவு எளிது பாரும்! இது தோன்றாமல் பேரிகைக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தோம்.

தட்டுகளைத் தயாராக்கி, கூடத்து மேற்பார்வையாளர் பொன்னுடையாரிடம், ஒளிர்வதையெல்லாம் ஒதுக்கிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, அவள் சாறு பிழியும் கொட்டகைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கண்ட காட்சியை என்னென்பது! ஒளிர்ந்த புள்ளிகள் யாவும் வெள்ளித் தட்டில் வீற்றிருக்கின்றன. சுற்றிலும் மல்லிகைச் சரம். கற்பூரம் காட்டாததுதான் பாக்கி. ஒளிராத தட்டுகள் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. கழுவிய நீர் கொல்லைப்புறத்துக் கழுநீர்த் தொட்டியில். பொன்னுடையார் சொன்ன விடையை அவர் வாய்மொழியிலேயே எழுதச் சொல்கிறோம்: "நீங்கதானே அம்மணி ஒதுக்கச் சொன்னீங்க? நல்லதைத்தானே ஒதுக்கி வைப்பாங்க? பந்தியில பெரியவங்களுக்கு இலை ஒதுக்குற மாதிரி பத்திரமா ஒதுக்கிட்டேன்."

தண்டநாயகரே, அவரை எப்படிக் குறை சொல்வது? ஒதுக்குவது என்றால் விலக்கித் தள்ளுவதும்தான், எடுத்துப் போற்றுவதும்தான். தமிழை விசாரணைக்கு இழுக்கவா முடியும்? பொய்யர் வெள்ளித் தட்டில், மெய்யர் கழுநீரில்! சபையிலே பலகாலம் இருந்த நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. காரிநங்கைக்கோ உயிரே போய்விட்டது. ஏனெனில் கழுநீர்த் தொட்டியில் நாள்தோறும் கொதிநீர் ஊற்றி, உள்ள நுண்ணுயிரையெல்லாம் கொன்றுவிடுவது கூடத்து விதி. அண்டாவைத் தூக்கிக்கொண்டு இருவர் தொட்டியை நெருங்கிவிட்டிருந்தனர்.

"நிறுத்துங்க! ஊத்தாதீங்க!" என்று அவள் அலறியது அமைச்சர் கூடும் மந்திரசாலை வரை கேட்டது. என்னவோ ஏதோ என்று நாமும் ஓடினோம். போய்ப் பார்த்தால், நாட்டின் நொதிக்கூடத் தலைவி அழுக்குத் தொட்டியை இரு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புத்தி பேதலித்ததோ என்று நினைத்தோம். அவளோ மூச்சு வாங்க, எல்லாரும் உள்ளேதான் இருக்காங்க ஐயா, ஒருத்தரும் சாகல, சாறு கொண்டு வரச் சொல்லுங்க என்றாள். பொன்னுடையார் குடம் குடமாகச் சாற்றைக் கொண்டுவந்து ஊற்றினார். அவர் கண்ணீரும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். தொட்டியைச் சுற்றிப் பாய்களைக் கட்டி இருட்டாக்கினோம். காலையில் ஊற்றியது, உச்சிப்பொழுது கடந்தது. அரசியாரே வந்து, முக்காலியில் அமர்ந்து, சோறும் உண்ணாமல் காத்திருந்தார். காரிநங்கை ஊதா விளக்கை ஏற்றினாள்.

ஐயோ கோளரியாரே, அதை நீர் பார்த்திருக்க வேண்டும்! முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் தொட்டியின் ஒரு மூலையில் வெளிறிய பச்சை. கண் மயக்கமோ என்று நாம் கண்ணைக் கசக்குவதற்குள் அது பரவிப் பரவி, தட்டு கழுவிய அந்த அழுக்கு நீர் முழுவதும் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தது. பொன்னுடையார் தரையில் விழுந்து கும்பிட்டார். அரசியார் சிறுமியைப் போல் கைகொட்டினார். நாம் என்ன செய்தோம் என்பதை எழுத வேண்டாமென்று ஓலை எழுதுபவருக்குக் கட்டளை.

சூடு கண்ட பூனையல்லவா, காரிநங்கை மட்டும் துள்ளவில்லை. தொட்டி நீரை மீண்டும் தட்டுகளில் பரப்பி, மிகுந்து ஒளிர்ந்த புள்ளியைத் தன் கையாலேயே எடுத்து, சாறில்லாமல் வளர்த்துப் பார்த்தாள்: இருண்டே கிடந்தது. சாறு கொடுத்தாள்: எரிந்தது. பெருக்கிக் காய்ச்சினாள். பானையின் அடியில் வெண்படிகம் உப்பைப் போல் படிந்தது. ஒரு துளியை நம் நாவில் வைத்தார்கள். ஆஹா, என்ன கசப்பு! இன்னும் போகவில்லை, வாழ்க அக்கசப்பு! அரண்மனை மருத்துவர் சோதித்து, பட்டை மருந்தேதான், மாசு மறுவில்லை என்று சான்றுரைத்தார். நேற்று அதை உண்ட பிள்ளைகள் இன்று காய்ச்சல் இறங்கிக் கஞ்சி கேட்கிறார்கள். கருவூலத் தலைவர் மின்மினியைப் பற்றி இப்போது வாயே திறப்பதில்லை.

ஆகவே அரசியார் ஆணை: வெங்கசப்பு மலையில் ஒரு மரமும் வெட்டப்படலாகாது, ஒரு பட்டையும் உரிக்கப்படலாகாது. உம் வீரர் மழுவை விட்டுவிட்டு வரப்புகளில் இறங்கிச் சாறுகொடி அறுத்து, வண்டி வண்டியாக நொதிக்கூடத்துக்கு அனுப்புக.

ஒன்று மிச்சம். காரிநங்கை இவ்வோலை முடியும்வரை காத்திருக்கவில்லை. வளர்பிறை பிறந்துவிட்டதே, முத்திரை அரக்கு உலரும் நேரத்தில் ஒரு மரம் விழுந்துவிடுமே என்று, அரசியாரின் வெண்புரவியை யாரையும் கேளாமல் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள். நம் தூதன் வருவதற்கு முன்பே அவள் அங்கே வந்திருக்கக்கூடும். கையில் ஓலை இல்லை, முத்திரை இல்லை என்று நீர் அவளை மறித்திருந்தால், இப்போதே வழிவிடுக. அவள் வருமுன் ஏதேனும் ஒரு மரம் சாய்ந்திருந்தால், அது யாருடைய உடன்பிறப்பு என்று மலையாரைக் கேட்டறிந்து, அவளிடம் நீரே நேரில் சொல்லுக. ஏவலனை விட்டுச் சொல்லற்க. இனி அம்மலையில் அவள் நில் என்றால் படை நிற்கும். அது அரசியார் சொல்லேயாகும்.

தென்முகில் நாட்டு இரட்டைக் கயல் முத்திரை இட்டோம். அரக்கு இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், தூதன் புறப்படுக.