ஏஞ்சல் மீன்களும் ஏரி ஜிலேபியும்

ஆவடி, 14-8-1973. காலை முதல் தூறல், வெயில் இல்லை.

அன்புள்ள பார்வதத்திற்கு,

துணிமணிகளை எடுத்துச் செல்ல நீ இன்று வருவாய் என உன் அண்ணன் கூறினார். சோறும் மீன் குழம்பும் மூடி வைத்துள்ளேன். போவதானால் சாவியை எதிர்வீட்டுக் கன்னியம்மாவிடம் கொடுத்துவிடு.

நீ தேர்ந்தெடுத்த ஆறு ஏஞ்சல் மீன்களின் தொட்டியில், ஏரியில் பிடித்த ஜிலேபி மீனை விட்டது என் பிழையே. இரண்டும் ஒரே குலம் என வண்ணமீன் கடைக்காரர் சொன்னதால், உறவினர் ஒற்றுமையாய் வாழ்வர் எனக் கருதினேன். அது இரண்டு நாளில் ஆறையும் கொன்றது. “ராப்பள்ளிக்கூடத்துல படிச்சி இன்னா மாமா, மீனோட புத்தி தெரியலியே” என நீ நகைத்தாய். “உங்க ஊட்டு ஜனம் மாரியே கீது” என்றேன். அச்சொல் தவறு. அன்று மாலையே நீ உன் அண்ணன் வீடு சென்றாய்.

நான்கடித் தொட்டி வெறுமையாய் நிற்கிறது. கடையில் புதுக் குஞ்சுகள் வந்துள்ளன. ஆறு வாங்கினால் இணையைத் தாமே தேர்ந்துகொள்ளுமாம். கடை வாசல்வரை சென்று திரும்பினேன். நீ விரல் நீட்டிக் காட்டாத மீன் எனக்கு வேண்டா.

இங்ஙனம்,
செங்கல்வராயன்

பி.கு.: குழம்பில் உள்ளது அந்த ஜிலேபியே. உப்பு சற்று மிகுதி.

மற்றொன்று: உன்னைக் கண்டுவிட்டுச் செல்ல இதுவரை வாசலில் நின்றேன். தொழிற்சாலையில் என் இரண்டாம் ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது; மணி ஒன்று நாற்பது.